நரி காவல் காக்கும் வயற்கோயில்

அந்தக் கோயிலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு கயிறு. ஆள் கைத் தடிமனில், சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கி, கூரை விளிம்பிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலும் மழையும் பட்டுச் சிவப்பு ரோசா நிறமாகிவிட்டிருந்தது. பிடித்து ஆட்டினால் மேலே ஒரு பெரிய சலங்கை கரகரக்கும். நம் கோயில் மணியைப் போல நீண்டு ஒலிக்காது. தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போலிருக்கும்.

"சாமியைக் கூப்பிடுறதுக்கும்மா" என்றாள் என் மகள் வினோதினி.

கயிற்றுக்கு இரண்டு பக்கமும் கல் நரிகள் உட்கார்ந்திருந்தன. அவற்றின் கழுத்தில் சிவப்புத் துணி. குழந்தைகளுக்குச் சோறூட்டும்போது கட்டுவோமே, அதே மாதிரி. ஒரு நரியின் வாயில் கல்லில் செதுக்கிய நெற்கதிர் இருந்தது. மற்ற நரியின் வாயில் இருந்தது எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது.

என் கையில் உண்மையான நெற்கதிர்க் கட்டு ஒன்று இருந்தது. அன்று காலையில் அறுத்தது. அதை நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு ஜப்பானியர்கள் ஒரு சிலர் நின்றார்கள். மலையடிவாரம், வயல், தூரத்தில் ஒரு புகை.

பஸ்ஸில் கேட்ட கேள்வி

மகள் ஜப்பானில் இருக்கிறாள் என்று இந்தத் தொடரில் முன்பு ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், மடவளையில் புடவைக்கடை வைத்திருப்பவர், என்னிடம் படித்த பிள்ளையின் உம்மா, கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், மகள் வந்துட்டாவா?" என்று கேட்டார்.

வரவில்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அது சரியான பதிலாகவும் தோன்றவில்லை. நான் தடுமாறிக்கொண்டிருந்தபோதே அவருடைய நிறுத்தம் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

வினோ கண்டியில் ஒரு வகுப்பில் ஜப்பானிய மொழி படித்தாள். பிறகு முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போனாள். மூன்று வருசம் என்றுதான் சொல்லிப் போனாள். வேலை பெரிய நகரத்தில் இல்லை. மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன டவுன். முதியோர் இல்லத்துக்கு அரிசி கொண்டுவந்து இறக்குகிற தகேஷி என்பவரோடு பழக்கமாகியிருக்கிறது. பக்கத்துக் கிராமத்தில் தாயோடு நெல் செய்கிறவர். ஒருநாள் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். அவரைக் கல்யாணம் செய்ய விரும்புவதாகவும் சொன்னாள்.

என் கணவர் அலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் மகளோடு பேசவேயில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தபால் கந்தோரில் வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்தவர், என்னைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். அவர் மனதில் இனம், மொழி, சாதி என்று ஒன்றும் ஓடவில்லை. மலையகத்துப் பெண்ணைக் கட்ட அவரே வீட்டோடு சண்டை போட்டவர்தான். அவருக்கிருந்த பயம் வேறு. அவருடைய அண்ணன்மார் மூன்று பேரும் யுத்த காலத்தில் கனடா போனார்கள். இரண்டு வருசத்தில் வருகிறோம் என்றார்கள். அவருடைய தாய் வாசற்கதவைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்.

"போனவை ஒருத்தரும் திரும்பி வரேல்ல" என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை.

மகள் விமானச் சீட்டு அனுப்பினாள், இருவருக்கும். அவர் வரவில்லை. நான் மட்டும் போனேன். மாத்தளையில் ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையன் வங்கியில் வேலை. அவனுடைய படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். எப்படியாவது பேசி அவளைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்பது என் திட்டம்.

ஒரே ஒரு போகம்

வயல் எனக்குத் தெரியாத பொருள். நான் பன்விலையில், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். எங்கள் மலையில் தேயிலைதான். தைப்பொங்கலுக்குக் கடையில் அரிசி வாங்கி, முற்றத்தில் கல் கூட்டிப் பொங்குவோம். எங்கே விளைந்தது, யார் அறுத்தார் என்று தெரியாத அரிசிக்காகச் சூரியனைக் கும்பிடுவோம். அதில் ஏதோ பொருந்தாமல் இருக்கிறது என்று சின்ன வயதில் எனக்குத் தோன்றியதேயில்லை. ஆசிரியையாகி, பொங்கல் உழவர் திருநாள் என்று கரும்பலகையில் எழுதியபோதுதான் தோன்றியது.

எங்கள் அப்பா மட்டும் ஒரே ஒரு போகம் வயல் செய்தார். தெல்தெனியப் பக்கத்தில் ஒரு சிங்களக் காணிக்காரர், பண்டா மாத்தயா, தன் காணியில் ஒரு துண்டைப் பங்குக்குக் கொடுத்தார். தோட்டத்து வேலை முடிந்து அப்பா மலையிறங்கிப் போவார். அறுப்பன்று என்னையும் கூட்டிப் போனது ஞாபகம் இருக்கிறது. வைக்கோலில் உருண்டு உடம்பெல்லாம் அரிப்பெடுத்து அழுதேன். எங்கள் பங்கு நெல் வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு பிடியை அள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவும் முகர்ந்து பார்த்தார்.

அடுத்த போகம் நடக்கவில்லை. விக்டோரியா அணைக்கட்டுக்காக அந்தப் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொண்டார்கள். பழைய தெல்தெனிய டவுனே தண்ணீருக்கு அடியில் போனபோது எங்கள் துண்டு வயலை யார் நினைத்திருப்பார்கள்? கோடையில் நீர் வற்றினால் பழைய கட்டடங்களின் மிச்சம் வெளியே தெரியும். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். வயலுக்கு மிச்சம் கிடையாது. வெறும் சேறுதான்.

அப்பா அதைப் பற்றிப் பிறகு பேசியதில்லை. ஓய்வு பெற்ற பின் தோட்டத்தில் அவருக்கென்று ஒரு கையகல நிலமும் இருக்கவில்லை. கண்மூடும்வரை அந்த ஆசை அவரிடம் இருந்ததென்று நினைக்கிறேன்.

ஒகாசான்

தகேஷியின் ஊருக்கு நாங்கள் போனது அங்கே அறுவடை தொடங்கும் நாளில். வரப்பெல்லாம் இலையே இல்லாமல் சிவப்புப் பூக்கள் நின்றன. காலைக் குளிர் பன்விலையின் மார்கழிக் குளிரேதான். வயலைச் சுற்றிக் காட்டுப்பன்றிக்கு மின்கம்பி கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பன்றிகள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான்.

ஆனால் வீடுகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. மரங்களில் பழம் பழுத்துப் பறிக்க ஆளில்லாமல் கீழே விழுந்து கிடந்தது. பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டதாம். இளையவர்கள் எல்லாரும் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். வழியில் கண்டவர்கள் எல்லாம் வயதானவர்கள். ஒவ்வொருவரும் வினோவைக் கண்டதும் நின்று பேசினார்கள். அவளும் குனிந்து குனிந்து பதில் சொன்னாள். அவள் குரல் அந்த மொழியில் வேறு மாதிரி, இன்னும் கொஞ்சம் மெல்லியதாக இருந்தது. எனக்குத் தெரியாத ஒரு பெண் பேசுவது போல் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

தகேஷியின் தாய் ஹருகோ. சின்ன உருவம், சிரித்த முகம். முழங்கால் வருத்தத்தால் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பவர். எனக்கும் ஒரு அரிவாளைக் கொடுத்தார்கள். இயந்திரத்தால் அறுப்பதற்கு முன், சாமிக்கென்று ஒரு மூலையில் கையால் அறுப்பது வழக்கமாம். நானும் ஒரு பிடி அறுத்து வைக்கோலால் கட்டினேன். தூக்கியதும் கட்டு அவிழ்ந்து கொட்டியது. ஹருகோ விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் பக்கத்தில் குனிந்து நின்று, அதையெல்லாம் பொறுக்கித் திரும்பக் கட்டினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அறுத்த மற்ற நெல்லை மூங்கில் கம்புகளில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அதைச் செய்யும்போது வினோ அந்தத் தாயை "ஒகாசான்" என்று கூப்பிட்டாள். ஒருமுறையல்ல, பல தடவை.

"அது அவங்க பேரா?" என்று கேட்டேன்.

வினோ கையிலிருந்த கதிரைக் கம்பில் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள். "இல்லம்மா. அம்மான்னு அர்த்தம்."

நான் தலையாட்டினேன். அடுத்த கட்டைத் தூக்கிக் கொடுத்தேன். வைக்கோல் தூசு கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய் முகம் கழுவினேன். தூசு ஒன்றும் விழவில்லை.

கையில் இருந்த கட்டு

மத்தியானத்துக்கு முன்பு கோயிலுக்குப் போனோம். வயலின் ஓரத்திலேயே இருக்கிறது, சின்ன மரக்கோயில். முன்னால் ஒரு சிவப்பு வாசல், கதவோ சுவரோ இல்லாமல். பக்கத்தில் கல் தொட்டி. நீண்ட காம்பு வைத்த அகப்பையால் தண்ணீர் எடுத்துக் கை கழுவ வேண்டும், வாயும் கொப்பளிக்க வேண்டும். அது இனாரி என்கிற சாமியின் கோயில். நெல்லுக்கும் விளைச்சலுக்கும் அதிபதி. நரி அதன் தூதர். வயலில் எலியைப் பிடிக்கிற நரிக்கு உழவர்கள் நன்றி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அந்தக் கோயிலுக்கு நிரந்தரமாகப் பூசகர் கிடையாது. ஒரே ஆள் பல ஊர்க் கோயில்களைப் பார்க்கிறாராம். ஒரு குட்டி லொறியில் வந்து இறங்கி, அதன் மறைவில் வெள்ளை உடுப்பை மாற்றிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்தபடி வந்தார். ஊரில் எழுந்து நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவ்வளவு பேரும் எங்கள் பாடசாலையின் ஒரு வாங்கில் உட்காரலாம்.

ஹருகோ கதிர்க்கட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். திடீரென்று என் பக்கம் திரும்பி, அதை என் கையில் வைத்தார். பிறகு இடுப்பு வளையக் குனிந்து நீளமாக ஏதோ சொன்னார்.

வினோ உடனே மொழிபெயர்க்கவில்லை. அவள் காது சிவந்திருந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"முழங்கால் வலியால அவங்களால உள்ள போய் மண்டி போட முடியாதாம். இந்த வருசம் கதிரை நான் கொண்டுபோய் வைக்கலாமான்னு கேக்கிறாங்க."

"வையேன். அதுக்கு என்ன?"

"அப்படியில்லம்மா. அத அந்த வீட்டுப் பொம்பளதான் செய்யணும். நான் இன்னும் அந்த வீட்டு ஆள் இல்ல. நீங்களும் அப்பாவும் சம்மதிக்காம தொடமாட்டேன்னு அப்பவே சொல்லிட்டேன். அதான் உங்க கையில கொடுத்துக் கேக்கிறாங்க."

தன்னைப் பற்றிய கேள்வியைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலை என் பிள்ளைக்கு. பரீட்சைத் தாளை வாசிப்பது போல ஒரே சீராகச் சொல்லி முடித்தாள். தகேஷி தலை குனிந்து நின்றார். பூசகர் பொறுமையாகக் காத்திருந்தார்.

கட்டு நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கதிர்கள் மணிக்கட்டில் உரசின. பச்சை வைக்கோலின் வாசம் வந்தது. கைப்பையில் மாத்தளைப் பையனின் படம். வீட்டில் ஒருவர், மகள் பேரைச் சொன்னாலே எழுந்து போகிறவர். அவரைக் கேட்காமல் நான் என்ன சொல்ல முடியும்? அவரைக் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் வினோவைப் பார்த்தேன். "இதக் கொடுத்தேன்னா நீ ஊருக்கு வரமாட்ட, இல்லையா?"

அவள் யோசித்தாள். வருவேன் என்று சட்டென்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

"வருவேம்மா. ஆனா வந்துட்டு இங்க திரும்பி வந்திருவேன்."

உண்மையைச் சொன்னாள். வேறு யாராவது கேட்டிருந்தால் ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருப்பாள். என்னிடம் சொல்லவில்லை. மூன்று வருசத்துக்கு முன் விமான நிலையத்தில் கையசைத்துப் போன பெண் இனித் திரும்பப் போவதில்லை என்பது அந்த நிமிசத்தில்தான் எனக்கு உறைத்தது. வேறு ஒருத்தி வருவாள். விருந்தாளியாக வந்து போவாள்.

கட்டை அவள் கையில் கொடுத்தேன்.

ஹருகோ அழுதார். நான் அழவில்லை. வினோ கூரையின் கீழே குனிந்து உள்ளே போய் மண்டியிட்டாள். அவளுடைய வெள்ளைக் காலுறையின் அடிப்பாகம் சேறாக இருந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. கதிரை வைத்துவிட்டு இரண்டு முறை குனிந்தாள், இரண்டு முறை கை தட்டினாள், இன்னொரு முறை குனிந்தாள்.

பிறகு என்னையும் கும்பிடச் சொன்னார்கள். எனக்குக் கை தட்ட வரவில்லை. நம் வழக்கப்படி கும்பிட்டேன். மகளைக் கூட்டிப்போக வரம் கேட்க வந்தவளுக்குக் கேட்க இப்போது ஒன்றும் மிச்சமில்லை. இதை வீட்டில் எப்படிச் சொல்வேன் என்றுதான் கேட்டேன். முதன்முதலாகப் பார்க்கிற சாமியிடம் கேட்கிற கேள்வியா அது?

கடுகண்ணாவ ஏற்றம்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என் கணவர் வான் பிடித்து வந்து காத்திருந்தார். நான் தனியாக வந்ததைப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் சாப்பாடு, குளிர், விமானம் என்று கதைத்தேன். கடுகண்ணாவ ஏற்றத்தில் வான் முனகிக்கொண்டு ஏறும்போது, இனியும் தள்ளிப்போட முடியாதென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நீர் குடுத்திட்டீரோ?" என்றார்.

"கொடுத்துட்டேன்."

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சாரதியிடம் எங்கேயாவது நிறுத்தச் சொன்னார். தேத்தண்ணிக் கடையில் இருவரும் ஒரு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து ஒரு சொல்லும் பேசாமல் குடித்தோம். என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

வீட்டிலும் அப்படியேதான் போனது. சாப்பிட்டார், பேப்பர் வாசித்தார், சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வந்தார். வினோவிடமிருந்து அழைப்பு வந்தால் வெளியே போய் நின்றார். ஆனால் முன்பு போல் தெருவரைக்கும் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்தில் நின்றார்.

ஒருநாள் பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. கண்டியில் ஐப்பசியில் பெய்யும் இடிமழை. நான் கொடியில் கிடந்த உடுப்புகளை வாரிக்கொண்டு உள்ளே வந்தேன். அவர் யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"அவையள் வெட்டின நெல்லை எங்க காயப் போடுகினம்?" என்று கேட்டார்.

உடுப்பைக் கட்டிலில் போட்டுவிட்டு, மூங்கில் கம்பு நட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுவதைக் கையால் காட்டிச் சொன்னேன்.

"வெளியிலேயோ?"

"வெளியிலதான்."

"மழை வந்தா?"

அதை நான் கேட்டு வரவில்லை. தெரியாது என்றேன். அவருக்கு அது சரிப்படவில்லை. அவருடைய அப்பாவின் வயல் பரந்தன் பக்கத்தில் இருந்தது. ஊரை விட்டு வந்தபிறகு அவர் அதைப் போய்ப் பார்க்கவேயில்லை. ஒரு வருசம் வெட்டிப் போட்ட நெல் மழையில் நனைந்து முளைத்துவிட்டதைப் பற்றி, கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லியிருக்கிறார். நெல் பாழாகிவிடுமே என்று முணுமுணுத்தபடி வாசல் வரை போனார், திரும்பி வந்தார். மேசையிலிருந்த என் அலைபேசியை எடுத்தார். எப்படி அழைப்பது என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு காலமும் தெரியாதவர் போல இருந்தார்.

"வினோ, அப்பா கதைக்கிறன்."

அலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"பிள்ளை, அங்க மழையோ?"

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கம்புக்கு மேலே படங்கு போட்டு மூடுவீர்களா, அடியில் காற்றுப் போகுமா, ஈரம் இருந்தால் குத்தும்போது அரிசி உடையாதா என்று கேள்விக்கு மேல் கேள்வி. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் குசினிக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். கடைசியில், அந்தப் பொடியன் பக்கத்தில் நிற்கிறானா என்று கேட்டார். நின்றிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் தெரிந்த ஆங்கிலத்தில் நெல்லைப் பற்றியே இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

மழை விட்டபிறகு அவர் அலைபேசியை மேசையில் வைத்தார். நான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இனி அவள் இஞ்ச வரமாட்டாள், என்ன?" என்றார்.

"வருவா" என்றேன். "நடுகையும் அறுப்பும் இல்லாத மாசமா பாத்து வருவா."

அவர் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார்.

"அது எந்த மாசமெண்டு கேட்டீரோ?"

நான் கேட்டிருக்கவில்லை. அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் அலைபேசியை எடுத்தார்.